ரொறொன்ரோவில் ஒரு குதிரையின் கால்முடி

ரொறொன்ரோ கண்காட்சியின் லாயத்தில் நிற்கிறேன். என்ன குதிரை இது! யானைக்குத் தம்பிபோல இருக்கிறது. குளம்பை மூடித் தொங்கும் வெள்ளை முடி பறக்க, பின்னங்காலை ஓங்கி ஓங்கி உதைக்கிறது. ஆடுகிறது என்று நினைத்துக் கைதட்டுகிறேன்.

“ஆட்டமில்லை அண்ணை, அரிப்புக் கடி தாங்கேலாமல் உதைக்குது,” என்கிறாள் லாயத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து வதனி. முடியை விலக்கிக் காட்டுகிறாள். உள்ளே ஈரமும் புண்ணும். “வடிவுக்கெண்டு நெடுகக் கழுவுவினம், காய விடமாட்டினம். உந்த முடியை வெட்டினால்தான் மருந்து தோலிலை படும்.”

குதிரைக்காரரிடமும் அதையே ஆங்கிலத்தில் சொல்கிறாள். நாளைய போட்டியில் பரிசே அந்த முடிக்குத்தான். அவர் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை அவளிடம் நீட்டுகிறார்.

வெள்ளை முடி வைக்கோலில் குவிகிறது. மருந்து பூசியதும் குதிரை காலை ஊன்றி அசையாமல் நிற்கிறது.

இந்தமுறை கைதட்டலைத் தொடங்குவது குதிரைக்காரர்.