ஒரு விரல் பட்ட இரும்பு

இன்று தாம்பரத்தில் மாடம்பாக்கம் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். ஆராய்ச்சி மாணவியாம்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?"

"இல்ல தாத்தா. லேப்ல கிளவுஸ் போடாம இரும்பைத் தொட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னாள். இரும்பின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வருமாம். வரும் வேகத்தை அளந்தால் அவை உள்ளே எப்படி இருந்தன, இரும்பு ஏன் காந்தமாகிறது என்றெல்லாம் தெரியுமாம். அந்த இரும்பை வைக்கும் பெட்டிக்குள் காற்றும் இருக்கக் கூடாது, அழுக்கும் இருக்கக் கூடாது.

"ஒரு வெரல் பட்டதுக்கா இம்மாம் சோகம்?"

"கையில இருக்கற எண்ணெய்ப் பிசுக்கே போதும் தாத்தா. மறுபடி கிளீன் பண்ணி, ரெண்டு நாள் பம்ப் ஓட்டி காத்தை எடுக்கணும். அப்புறம்தான் லைட்டே போடலாம்."

"என் வூட்டாண்ட கொண்டாந்து வெச்சிடும்மா. என் வூட்டுக்காரி போனதுலேர்ந்து அங்க ஒருத்தர் வெரலும் படல."

சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "யாருமே வரமாட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். நான் இறங்க வேண்டிய இடம் போய் மூன்று நிறுத்தம் ஆகியிருந்தது. தெரிந்தும்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படித்தவர்கள் கீழே ஏதாவது எழுதுங்கள். போன வருடம்தான் எழுத்துக் கற்றேன், வாசிக்க நேரம் பிடிக்கும். பரவாயில்லை, நீளமாகவே எழுதுங்கள்.