முறையில் சேராத அறை

என் அக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "தங்கமான மனுஷி" என்பார்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். சின்ன வயதில் அம்மாவின் மடி அவளுக்கு. தெருப்பூனை நான் வைத்த பாலைக் குடித்துவிட்டு அவள் காலடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். என் சிநேகிதிகள் என்னைத் தேடி வந்து அவளோடு பேசிவிட்டுப் போவார்கள். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனையே கடித்த கதையாக, இப்போது என் மகளும் அவளிடம் போய்விட்டாள்.

மகளுக்கு மேலாளரோடு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். எங்கே வரவேண்டும்? பெற்றவளிடம்தானே? நேராக பஸ் ஏறிப் பெரியம்மாவிடம் போய் இறங்கினாள். அதையும் அக்கா போனில் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். "கவலப்படாதடி, இங்கதான் இருக்கா. நல்லா சாப்பிடறா" என்றாள். அந்த 'நல்லா சாப்பிடறா'வைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? நான் மருந்துக்கடையில் நிற்கிறவள். ஊரார் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், என் வயிற்றெரிச்சலுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு லீவு போட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல், மகளைக் கையோடு கூட்டிவரக் கிளம்பினேன்.

பஸ் அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றுவிடும் கடலோர ஊர் அது. சீசனில் கால் வைக்க இடமிருக்காதாம். நான் போனபோது ஈ காக்கை இல்லை. கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. ஐஸ்கிரீம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். வாடகைப் படகுகள் கவிழ்ந்து கிடந்தன. நடுரோட்டில் மணல், மணல்மேல் ஒரு நாய். பஸ்தான் ஒதுங்கிப் போனது. இந்த ஊரில் அப்படி என்ன கிடைத்துவிட்டது என் மகளுக்கு என்று நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது.

அக்கா இருப்பது கடலைப் பார்த்த ஒரு லாட்ஜில். புருஷன் போன பிறகு படுக்கை விரிக்கும் வேலைக்கு வந்தவள், பிள்ளை குட்டி இல்லை, அங்கேயே தங்கிவிட்டாள். முதலாளி வெளியூரில். சாவிக்கொத்து இவள் இடுப்பில். சீசன் முடிந்தால் மற்ற வேலைக்காரிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், இவள் ஒருத்திதான். ஆனால் அப்போதுதான் வேலை அதிகம் என்பாள். உப்புக்காற்று சும்மா விடாதாம். பூட்டுக்கெல்லாம் எண்ணெய் விட வேண்டும். குழாய்களைத் திறந்து துருத்தண்ணீரை ஓட விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர் லாட்ஜுகளில் ஒரு வழக்கம் உண்டு: காலியாகக் கிடக்கும் அறைகளில், முறை வைத்து, தினம் ஒன்றில் படுத்து எழ வேண்டும். "மனுஷ மூச்சு படலன்னா ரூம் செத்துடும்டி" என்பாள். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தினமும் அறை மாறுவாள். நான் ஒற்றை அறையில், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். இவளுக்கு தினம் ஒரு அறை, அத்தனை ஜன்னலிலும் கடல்!

வாசலிலேயே மகள் இருந்தாள், கையில் எண்ணெய்க் குப்பியோடு. "அம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். ஆனால் கன்னம் உப்பியிருந்தது. என் கையால் சாப்பிட்ட காலத்தில் அந்தக் கன்னம் அப்படி இருந்ததே இல்லை. "பெரியம்மா, நான் சொன்னேன்ல, அம்மா வந்தாச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். நான் வந்ததைக்கூட அவளிடம்தான் சொல்ல வேண்டும்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வாடி, இளைச்சுப் போயிட்டியே. முகத்தைக் கழுவிட்டு வா, டீ போடறேன். உனக்கு மாடில கடைசி ரூம்."

"நீங்க ரெண்டு பேரும்?"

"இன்னிக்கு கீழ, இந்த ரூம் முறை."

அவர்கள் இரண்டு பேரும் கீழே, ஒரே அறையில். நான் மட்டும் மாடியில், வராந்தாவின் கடைக்கோடியில். விருந்தாளி! மேலே போனேன். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன, காற்று அள்ளிக்கொண்டு போயிற்று, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கீழே அடுப்படியில் பெரியம்மாவும் மகளும் சிரிப்பதுதான் எனக்குக் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பலகையில் தொங்கிய சாவிகளில் அவர்கள் அறைக்கு அடுத்த அறையின் சாவியை எடுத்தேன். திறந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

குப்பென்று பூஞ்சை வாடை. சுவர் வியர்த்திருந்தது, மெத்தை சில்லென்று ஈரமாக ஒட்டியது. எனக்கோ சின்ன வயதிலிருந்தே இளைப்பு. வெளியே வந்திருக்கலாம். வறட்டுப் பிடிவாதம் விடவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். என் பையின் எந்த ஓரத்தில் இன்ஹேலர் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாயில் வைத்து அழுத்தினாள். மூச்சு திரும்பியதும் திட்ட ஆரம்பித்தாள்.

"அறிவிருக்காம்மா உனக்கு? மழைக்கு முன்னாடி தொறந்த ரூம் இது, நாளைக்குத்தான் இதோட முறை. உனக்குன்னு வச்சிருந்த ரூம்ல இருக்க வேண்டியதுதானே?"

"நீ ஏண்டி என்கிட்ட வரல?" கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

அவள் இன்ஹேலரை மூடிப் பையின் ஓரத்தில் திரும்ப வைத்தாள். "உன்கிட்ட வந்தா நீ அழுவ. நீ அழுதா என்னால தாங்க முடியாதும்மா. பெரியம்மா முன்னாடி நான் அழுதா, தலையணை உறையைக் கொடுத்து துவைக்கச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

வாசலில் டீயோடு அக்கா நின்றிருந்தாள். டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, மொட்டைமாடியில் காய்ந்த விரிப்புகளை அக்காவும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தோம். வழக்கத்துக்கு மேல் வெடுக்கென்று இழுத்தாள்.

"உன் பொண்ணு ஒரு மாசமா தினம் எழுந்ததும் அந்தக் கடைசி ரூமுக்கு ஓடுவா" என்றாள். "ஜன்னலைத் தொறப்பா, மெத்தையை வெயில்ல போடுவா. நீ வரேன்னு சொல்லக்கூட இல்ல. 'அம்மாவுக்குப் பொறுக்காது பெரியம்மா, வந்துடுவாங்க'ன்னா. அந்த ரூமை முறையிலயே சேர்க்க விடல."

நான் முனையைப் பிடித்தபடி நின்றேன்.

"என் முழங்கால் வலிக்கு அங்க காத்து நல்லா இருக்கும்னு ஒரு நாள் தலையணையோட போனேன். 'வேண்டாம் பெரியம்மா, அது அம்மாவுக்கு'ன்னுட்டா." விரிப்பை என் கையிலிருந்து பிடுங்கித் தன் மார்போடு அணைத்து மடித்தாள். "எனக்குன்னு ஒரு ஜன்னல் யார்டி தொறந்திருக்கா?"

தங்கமான மனுஷியின் முகம் கடுத்திருந்தது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், பாவத்துக்கு முன்னால் சந்தோஷம் முந்திக்கொண்டது. அம்மாவின் மடி, பூனை, சிநேகிதிகள், அத்தனைக்கும் சேர்த்து ஒரே காலையில் வட்டியோடு வந்தது போல.

மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு வரத் தயாராகத்தான் இருந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். "சீசன் ஆரம்பிக்கிற வரைக்கும் இருந்துட்டு வா. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி." பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் யாருடைய பெண் என்று தெரிந்துபோயிற்று. இனி எங்கே இருந்தால் என்ன?

பஸ் ஏறும்போது அக்காவிடம் சொன்னேன்: "இன்னிக்கு ராத்திரி நீ அந்தக் கடைசி ரூம்ல படுத்துக்கோக்கா. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லு."

"நீ சொன்னா விடுவா" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் திரும்பும்வரை, சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தபடி, மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.