ஐந்தாம் தேதிக் கெடு, ஏழாம் தேதிச் சம்பளம்

என் மகள் தரவு ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கைப்பேசிச் செயலி வழியாகச் சிறுகடன் கொடுக்கும் நிறுவனம். அலுவலகம் ஜொகூர் பாருவில். பட்டம் வாங்கி எட்டு மாதத்தில் அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்ட முதல் இடம் அதுதான். தேர்வுக்கு முன் ஒரு வீட்டுப்பாடம் செய்து அனுப்பச் சொன்னார்கள்.

நான் உலு திராமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டுப்பாடம் கொடுத்தே தலை நரைத்தவள். ஆனால் நான் கொடுக்கும் பாடத்துக்கு விடை எனக்கு முன்பே தெரியும். அவர்களுக்குத் தெரியாது என்பது பின்னால்தான் புரிந்தது.

கேள்வி இதுதான்: தவணையைத் தாமதமாகக் கட்டுகிறவர்கள் யார், ஏன்? கூடவே ஒரு கோப்பு. பெயர்களை நீக்கிவிட்டு வயது, தொழில், அஞ்சல் குறியீடு, கெடு தேதி, கட்டிய தேதி என்று ஆயிரக்கணக்கான வரிகள். மகள் ஆறு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். ஏழாம் நாள் சாப்பாட்டு மேசையில் என்னைத் தேர்வாளராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"தோட்டத்துப் பக்கம்தான் மா ரொம்ப லேட்டு. மேப்புல ரெங்கம் எல்லாம் ஒரே சிவப்பு. அங்க கடனைக் குறைக்கணும்னு எழுதியிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் ரெங்கத்தில் தோட்டத்தில் பிறந்தவள். என் தம்பி இன்னும் அங்கே செம்பனை எண்ணெய் ஆலையில்தான் வேலை செய்கிறான்.

"எத்தனை நாள் லேட்டு?"

"ரெண்டு நாள்."

"எல்லாருமா?"

பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். "முக்காவாசிப் பேரு. மாசா மாசம் அதே ரெண்டு நாள்."

"கெடு அஞ்சாந்தேதி. சம்பளமே ஏழாந்தேதிதான போடுவாங்க? உங்க மாமாவைக் கேட்டுப் பாரு."

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "இது தெரியாம ஆறு நாளா கோடு போட்டுக்கிட்டு இருக்கேன் லா." உடனே கிண்டல்: "டீச்சர், இந்த வேலைக்கு நீங்களே போறீங்களா?"

கெடுவை எட்டாம் தேதிக்குத் தள்ளிக் கணக்கிட்டாள். சிவப்பு பெரும்பாலும் மறைந்துபோனது. அதைக் கடைசிப் பக்கமாகச் சேர்த்து அனுப்பினாள்.

நேர்முகத் தேர்வு கணினி வழியாக நடந்தது. நான் பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவிட்சைப் போடவே இல்லை. நாற்பது நிமிடத்தில் அரை மணி நேரம் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றியே கேட்டார்கள். எந்தெந்த ஊர், எத்தனை பேர், எப்படிக் கணக்கிட்டாய் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். என் மகள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. அனுபவம் உள்ள வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். சரி, நடக்கிறதுதான் என்று அவளைத் தேற்றினேன்.

அடுத்த மாதமே தம்பி கூப்பிட்டான். "அக்கா, அந்தக் கடன் செயலியில கெடுவை எட்டாந்தேதிக்கு மாத்திட்டாங்க. இனிமே அபராதம் இல்ல!" மோட்டார் சைக்கிள் பழுதுக்கு அவனும் மகள் விண்ணப்பித்த அதே நிறுவனத்தில்தான் கடன் வாங்கியிருந்தான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

போனை வைத்ததும் அந்த இரண்டு வரி மின்னஞ்சலை மறுபடி எடுத்துப் படித்தேன். தாங்களாகவே யோசித்ததாக அவர்கள் சொல்லலாம். நான் எதை வைத்து மறுப்பேன்? ஆனால் என் வகுப்பில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதினால் எழுப்பி நிற்க வைப்பேன். இங்கே பார்த்து எழுதியவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். விடை சொன்னவள் வீட்டில் இருக்கிறாள். ஏழு நாள் உழைப்புக்கு ஒரு நன்றிகூட இல்லை. காரசாரமாக ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். மகள் அனுப்ப விடவில்லை.

"பிரச்சனை பண்றவன்னு பேரு வந்தா வேற கம்பெனியும் கூப்பிடாது மா. மாமாவுக்கு அபராதம் போச்சுல்ல, விடுங்க."

அவள் அத்தனை அமைதியாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

போன வாரம் இன்னொரு நிதி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மறுபடியும் கோப்பு, மறுபடியும் வீட்டுப்பாடம். இந்த முறை காரணத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். "அதை எழுதாத. நேர்ல விளக்குறேன்னு மட்டும் போடு."

"பாதிதான் செஞ்சிருக்கான்னு தூக்கிப் போட்டா?"

"போடட்டும்!"

காரணம் எழுதிய கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பினாள். ஐந்து நாளாகப் பதில் இல்லை. அவள் போன் அடித்தால் முதலில் திரும்புவது நான்தான். என் கோபத்துக்கு அவள் வேலையைப் பணயம் வைத்துவிட்டேனோ? இன்று காலை தாங்க முடியாமல் கேட்டேன்: "அந்தப் பக்கத்தை இப்ப அனுப்பிடலாமா மா?"

அவள் தேநீரிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "வேணாம் மா. வேணும்னா கூப்பிட்டுக் கேக்கட்டும்."