ரிலீவர் வராத மதியம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா உயிர் போகும்போது அப்பா எங்கே இருந்தார் என்று நாளைக்கு யாராவது உங்களைக் கேட்கலாம். நான் கடலூர்–சிதம்பரம் ரோட்டில் உள்ள செம்மங்குப்பத்தில், கம்பெனிக்குள், ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடுத்து வேலைக்கு வர வேண்டியவன் வரவில்லை. அவனைப் பற்றி நம் வீட்டில் நிறையப் பேசிவிட்டேன். பேசியதெல்லாம் உங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. அதனால் மிச்சத்தையும் எழுதி வைக்கிறேன்.

கெமிக்கல் கம்பெனியில் நேரம் முடிந்தது என்று எழுந்து போய்விட முடியாது. பெரிய கொப்பரை மாதிரி ஒரு பாத்திரத்தில் மருந்துச் சரக்கு கொதித்துக்கொண்டே இருக்கும். சூடு கூடுகிறதா குறைகிறதா என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, "சரி, நான் பாத்துக்குறேன்" என்று சொன்ன பிறகுதான் முன்னவர் போகலாம். அப்படி வருகிறவரை ரிலீவர் என்போம். வாரம் மாறினாலும், ஷிப்ட் மாறினாலும், எனக்கு ரிலீவர் அவன்தான். பிச்சாவரம் பக்கத்து ஊர்க்காரன். சிதம்பரம் வந்து பஸ் மாறி வர வேண்டும். என்றைக்கும் நேரத்துக்கு வந்தது கிடையாது. "பஸ்ஸு கெடைக்கல மச்சான்" என்பான். எனக்கும் அது பழகிப் போயிருந்தது.

அம்மா அப்போது சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அங்கே ஓடுவேன். அன்றைக்கு மதியம் கேட்டிலிருந்து வாட்ச்மேன் வந்து சொன்னார். செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம். உங்கள் மாமா அதில் கூப்பிட்டிருக்கிறார், உடனே வரச் சொன்னாராம். சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"ஆள் வந்ததும் போப்பா. சூடு ஏறிக்கிட்டு இருக்கு, நான் மூணு செக்‌ஷன் பாக்கணும். இப்ப எப்படி வுடறது?"

இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. நான்கு மணிக்கு மேல் அவன் கேட்டுக்குள் நடந்து வந்தான். வெள்ளை வேட்டி. தோளில் இருந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. எங்கேயோ விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நான் ரோட்டுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அவன் மாலையோடு சாவுக்கு வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாலையை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். ஷிப்ட் மாற்றும்போது என்ன சரக்கு, எவ்வளவு சூடு, அடுத்து என்ன போட வேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அவனுக்கு நான் அதைச் சொல்வதை நிறுத்தினேன். விவரம் எழுதிய போர்டைக் கையால் காட்டிவிட்டுப் போவேன். பில்டர் துணி என்று ஒன்று உண்டு. வடிந்த சரக்கு அதில் களிமண் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிக் கழுவினால் கை பல நாளைக்கு மஞ்சளாகவே இருக்கும், நாற்றமும் போகாது. என் ஷிப்ட்டில் வடித்த துணியை நான்தான் கழுவ வேண்டும். கழுவாமல் அப்படியே அவனுக்கு விட்டுவிட்டு வந்தேன். அவன் யாரிடமும் புகார் சொல்லாமல் கழுவினான். அவன் சொல்லாததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள், "வுடு மாமா, எத்தினி நாளைக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருப்ப?" என்று கேட்டுப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

வருஷம் திரும்பி, அம்மாவுக்குத் தெவசம் வந்தது. சிதம்பரத்தில் அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டில் படைக்க, உங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். செம்மங்குப்பத்தில் பஸ் நின்றது. எதிரே, கடலூர் பஸ் நிற்கும் பக்கம், டிபன் பையோடு அவன் நின்றிருந்தான். ஷிப்ட் முடிந்து வேறு எங்கோ போகிறான் போல. நான் அவன் பெயரை முணுமுணுத்துத் திட்டினேன். சின்னவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அம்மாவக் கொன்ன ஆளு இவருதானா?"

ரோடு முழுக்கக் கேட்கிற குரல். அவனுக்கும் கேட்டிருக்கும். தலையைக் குனிந்துகொண்டான். "ஏய், சும்மா இரு" என்றாள் பெரியவள். ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த வார்த்தையை யார் கொடுத்தது? நான்தான்.

ஆயா வீட்டில் போட்டோவுக்கு மாலை போட்டு, இலை போட்டுப் படைத்தார்கள். கண்ணை மூடிக் கும்பிட்டேன். அம்மா முகம் வரவில்லை. வெள்ளை வேட்டியில் அவன் வருகிறான், வாயைத் துடைக்கிறான். மறுபடி மூடினேன். மறுபடி அவன்தான். கண்ணைத் திறந்து போட்டோவைப் பார்த்தேன், யாரோ ஒருத்தி மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பயமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். அன்றைக்கு என்னை விடாதவர் சூப்பர்வைசர். அவர்மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வரவில்லை? அவரைப் பகைத்தால் வேலை போய்விடும். இவனைப் பகைத்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆளைப் பார்த்துத்தான் என் கோபமும் போயிருக்கிறது.

அடுத்த ஷிப்ட்டில் பில்டர் துணியை நானே கழுவி, காய வைத்தேன். அவன் வந்து பார்த்தான்.

"என்னா மச்சான், துணியெல்லாம் பளிச்சினு இருக்கு. மேனேஜர் ரவுண்ட்ஸ் வர்றாரா?"

"இல்ல. சூடு தொண்ணூறு. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே வுடு."

வேறு எதுவும் பேச வரவில்லை. மனசு கரையவும் இல்லை. மனசு வருகிறவரை காத்திருந்தால் வராது என்று தோன்றியதால் கையை மட்டும் செய்ய வைத்தேன். தினமும் கழுவினேன், தினமும் சொல்லிக் கொடுத்தேன். அவனும் தினமும் லேட்டாகவே வந்தான்.

சில மாதம் கழித்து, கையுறையை மாட்டிக்கொண்டே அவனாகச் சொன்னான்.

"அன்னிக்கி அக்கா பொண்ணு வயசுக்கு வந்ததுக்கு மஞ்சத்தண்ணி மச்சான். கெளம்பத்தான் இருந்தேன். பந்தியில புடிச்சி ஒக்கார வெச்சிட்டாங்க. நடுவுல எழுந்தா வரிசையே எழுந்துக்கணும், தாய்மாமன் எழுந்துட்டான்னு பேச்சாயிடும். அதான்... வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஏதாவது பெரிய காரணம் இருந்திருக்கலாம். அவன் வீட்டிலும் ஒரு கஷ்டம் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பந்திச் சாப்பாடுதான். அதை மறைக்காமல் சொல்லிவிட்டான். நான் "சரி" என்றேன். மறுநாளும் அவன் லேட்.

பிறகு ஒரு மதியம். மணி இரண்டரை இருக்கும். அதே ஸ்டூலில் அவனுக்காகக் காத்திருந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் வருகிற எரிச்சல் வரவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. அந்த இடத்தில் அம்மா வந்தாள். கடைசியாகப் பார்த்த சாயங்காலம், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்.

"நாளைக்கு வரும்போது என் சீப்ப எடுத்துக்கினு வாங்க. தல சிக்கு புடிச்சிப் போச்சி. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. அவள் போன அன்றைக்கு அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் டிபன் பைக்குள் சீப்பு இருந்தது. அது என் நினைவிலேயே இல்லாமல் போயிருந்தது. இத்தனை நாள் அவன்மேல் இருந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நின்றிருக்கிறேன். அது போனதும் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அவள் செத்துப் போனாள் என்பது இந்த மதியத்தில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவன் வந்து நின்றது தெரியவில்லை. பில்டர் பக்கம் போய், கழுவாமல் கிடந்த துணியை எடுத்தான்.

"நீ போ மச்சான். இத நான் பாத்துக்குறேன்."

ரோட்டுக்கு வந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நின்ற பழக்கத்தில் சிதம்பரம் பஸ் நிற்கும் பக்கமே போய் நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சிதம்பரம், சிதம்பரம்! வர்றியாய்யா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது. ரோட்டைத் தாண்டி, வீட்டுக்கு வருகிற கடலூர் பஸ்ஸுக்காக நின்றேன்.