கப்பல் குறிப்பேட்டில் ஒரு பிள்ளையார் சுழி

பயம் என்னோடு கூடப் பிறந்தது. தபாலில் தடித்த உறை ஒன்று வந்தால், திறக்குமுன் முகவரியை மூன்று தரம் பார்ப்பேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு பாய்க்கப்பல் கம்பெனியின் பழைய தாள்களுக்குள் ஒரு வருடம் இருத்தி வைத்தார்கள்.

இடம் கனடாவில், மொன்றியலை ஒட்டிய புவாண்ட்-கிளேர். பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் ஒரு நிறுவனத்தின் பண்டகசாலை, ஜன்னல் கிடையாது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் மொன்றியலில் இருந்தபடி கப்பல்கள் ஓட்டிய ஒரு குடும்பத்தின் கடிதங்களும் பயணக் குறிப்பேடுகளும் அங்கே பெட்டி பெட்டியாய்க் கிடந்தன. இன்றைய வாரிசுகளுக்குக் கம்பெனியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடும் ஆசை. தாள்களைப் படம் பிடித்து, கோழி கிளறிய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வது என் வேலை. என் வேலை அனுமதி அந்த நிறுவனத்தின் பெயரில் மட்டும்தான் இருந்தது. அங்கிருந்து அனுப்பிவிட்டால் வேறெங்கும் வேலை செய்ய முடியாது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க அவர்கள் தர வேண்டிய கடிதம் ஒன்றுதான் பாக்கி.

கம்பெனி மரம் ஏற்றுவதில் தொடங்கியிருந்தது. பிறகு, சீனத்துத் தேயிலையை லண்டனுக்கு யார் முதலில் கொண்டுபோய் இறக்குவது என்று எல்லோரும் போட்டி போட்ட காலத்தில், இவர்களும் ஒடுங்கிய உடம்பும் உயர்ந்த பாய்மரமுமாக வேகக் கப்பல்கள் கட்டினார்கள். அதன் பிறகு முதலாளிகளின் கடிதங்களில் ஒரே கேள்விதான்: ஏன் இத்தனை நாள்? காற்று இல்லை, பாய் கிழிந்தது, ஆள் சுகமில்லை என்று கப்டன்மார் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்கள். கடலுக்குப் பயந்தவன் பாயைச் சுருக்குவான், முதலாளிக்குப் பயந்தவன் விரித்தே வைப்பான். படிக்கப் படிக்க எனக்கு அவர்கள் எல்லோரும் சொந்தக்காரர் போலத் தெரிந்தார்கள்.

ஒரே ஒரு கப்டனைத்தான் பிடிக்கவில்லை. புயலில் பாயை இறக்காமல் ஓட்டியதில் பாய்மரம் முறிந்து, மூன்று பேர் கடலில் விழுந்து செத்துப் போனார்கள். குறிப்பேட்டில் அந்த நாளின் தாளைக் காணவில்லை. ஓரத்தில் கத்தி வைத்து வெட்டிய அடிக்கட்டை மட்டும் நின்றது. அந்த நேரம் பொறுப்பில் இருந்தவர் இரண்டாம் அதிகாரி என்று கப்டன் முதலாளிக்கு எழுதினார். இரண்டாம் அதிகாரியை விலக்கினார்கள். அந்த மனிதர் மறுத்து எழுதிய ஒரு வரியும் பெட்டியில் இல்லை. கப்டனுக்குப் புதுக் கப்பல் கிடைத்தது. என் கொப்பியில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் 'கோழை' என்று எழுதி வைத்தேன். பிறரை அளப்பதில் என் கோல் எப்போதும் நீளம்.

பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்து தருபவர் மன்னார்க்காரர் ஒருவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கத்தோலிக்கர், இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துப் பல வருடம். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கப்டனை நான் திட்டியதைக் கேட்டுவிட்டு, அவனுக்கும் பிள்ளை குட்டி இருந்திருக்கும், விடும் தங்கச்சி என்று சொல்லிச் சிரித்தார்.

அது மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அண்ணை அந்தக் கப்டனின் குறிப்பேட்டை மறுபடி கொண்டு வந்து வைத்தார். பெட்டி வந்ததற்குக் கையெழுத்து வைக்க அவருடைய பேனையை வாங்கினேன். வாசலில் வைத்தே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த அறைக்குள் எழுதுவதற்குப் பென்சிலைத் தவிர வேறொன்றும் கொண்டு போகக்கூடாது என்பது முதல் நாளே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட சட்டம். பேனை கையில் இருந்ததே தெரியாமல் போய் உட்கார்ந்தேன். குறிப்பேட்டின் கடைசியில் நாலைந்து வெற்றுத் தாள்கள். பக்கத்தில் என் கொப்பி. காலையில் எதை எழுதத் தொடங்கினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எனக்குப் பழக்கம். முதலாம் வகுப்பில் தொடங்கியது, பரீட்சைத் தாளிலும் குடிவரவு விண்ணப்பத்திலும் கூடப் போட்டிருக்கிறேன். கண் கணினித் திரையில் இருந்தது. கை சுழித்து, கீழே இரண்டு கோடும் இழுத்தது.

தாள் தடிப்பாய் இருந்ததால்தான் குனிந்து பார்த்தேன். நூற்றைம்பது வருடமாய் ஒருவரும் தொடாத தாளின் உச்சியில் நீல மையில் பிள்ளையார் சுழி.

அழிறப்பர் நினைவுக்கு வந்தது, மை அழியாது. அடுத்து, சொல்லவே வெட்கம், ஒட்டிய தாள்களைப் பிரிக்கவென்று மேசையில் வைத்திருந்த மெல்லிய கத்தி கண்ணில் பட்டது. கப்டன் வெட்டிய அடிக்கட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் அடிக்கட்டை இருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கத்தியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

வெறும் பெட்டியை எடுக்க வந்த அண்ணை என் முகத்தைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். மத்தியானம் மேற்பார்வையாளர் வந்து இந்தக் குறிப்பேட்டைத் தாள் தாளாய்ச் சரிபார்க்கப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். வாரிசுகள் வியாழக்கிழமை வருகிறார்கள், அவர்களுக்குக் காட்டவென்று தெரிவு செய்திருந்த குறிப்பேடே இதுதான்.

கத்தியை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பேனை என்ரைதானே. நான் கீறிப் பாத்தனான் எண்டு சொல்லுறன்."

"வேண்டாம் அண்ணை."

"எனக்கு வேலைதான் போகும் தங்கச்சி. உமக்கு நாடே போயிடும்."

வேண்டாம் என்று நான் சொன்னது அந்த ஒரு தரம்தான். இரண்டாம் தரம் சொல்ல வாய் வரவில்லை.

மேற்பார்வையாளர் கியூபெக்காரி, ஒருவரோடும் குரல் உயர்த்தாத மனுசி. வெற்றுத் தாளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். இது யார் என்று பிரெஞ்சில் கேட்டார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுக்கும் நேரம் இருந்தது. அது எனக்கென்று விட்ட இடம், எனக்கு நன்றாகத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் என்று அண்ணை சொன்னார். பேனை மை விடவில்லை, கையில் அகப்பட்ட தாளில் கீறிப் பார்த்தேன், மூளை இல்லாத வேலை என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார். மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமையோடு அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்குரிய கடிதம் அடுத்த மாதம் வந்தது. என் கவனத்தையும் நேர்மையையும் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். அதை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினேன்.

அண்ணைக்கு ஃபோன் எடுக்க எத்தனையோ நாள் நினைத்து, எடுக்கவில்லை. அவர் எல்லோரிடமும் சொல்லிவிடுவார் என்று பயம். சொல்லவில்லை என்று தெரிந்த பிறகு இன்னும் கூடப் பயம். அவரும் குடும்பமும் பூசைக்குப் போகும் நேரத்தில் அவர்களுடைய மாதா கோயில் இருக்கும் தெருவால்கூட நான் போவதில்லை. கொப்பியில் 'கோழை' என்று எழுதிய பக்கத்தை வீட்டில் வைத்துக் கிழித்தேன். கம்பெனியின் புத்தகம் வெளிவந்தது. கப்டனின் படம் முழுப் பக்கத்தில் இருக்கிறது, இரண்டாம் அதிகாரிக்கு ஒரு வரி.

இரண்டு வருடம் கழித்து, நிரந்தர வதிவிடம் கிடைத்து ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றேன். பெட்டிகள் ஓடி வரும் பட்டியில் ஏறாத பாரமான பொதிகளை ஒருவர் கையால் கொண்டு வந்து அடுக்கினார். மஞ்சள் மேலங்கி, கையுறை. அண்ணை. நிமிர்ந்ததும் என்னைக் கண்டுவிட்டார். எனக்கு அங்கேயே பெட்டியை விட்டுவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது.

"பேப்பர் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

ஓம் அண்ணை என்றேன். நல்லது, நல்லது என்று உண்மையாகவே சந்தோசப்பட்டார். என் பெட்டி வந்தபோது நான் எட்டுமுன் அவரே தூக்கி வண்டியில் வைத்தார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு, கோபமோ குத்தலோ இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டார்:

"அண்டைக்கு நான் வாய் திறக்காட்டி, நீர் சொல்லியிருப்பீர் என்ன?"

அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. ஓம் என்றேன். அதையும் பயத்தில்தான் சொன்னேன்.