பூனை முதுகில் எண்ணெய்

அந்தத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த மூன்றுமே செத்துப்போன ஒருவருடையவை. அவர் பார்த்த வேலை, கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர் இருந்த கடைசி அறை, அவர் வளர்த்த சாம்பல் நிறப் பூனை. அவரை நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், திரும்பவில்லை என்று மட்டும் சொன்னார்கள். அறையின் மூலையில், எண்ணெய்த் தகரம் மாட்ட அவர் அடித்த பெரிய ஆணி அப்படியே இருந்தது.

வேலை என்பது கொசு ஒழிக்க எண்ணெய் தெளிப்பது. புதன்கிழமைதோறும் தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களிலும் தேங்கிய தண்ணீரிலும் தெளித்துக்கொண்டே போக வேண்டும். மற்ற நாட்களில் வாய்க்கால் துப்புரவு. யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. நாற்பது வயதாகியும் நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. பூனையிடம் மட்டும் பேசுவேன்.

அந்தப் பூனைக்கு வயிறு சரியில்லை. வாரம் ஒரு தடவை மஞ்சளாகக் கக்கும், தண்ணீராகக் கழியும். இரண்டு நாள் சுருண்டு கிடந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல எலி பிடிக்கப் போகும். கருவாட்டை நிறுத்தினேன். கணக்கெழுதும் கிராணி வீட்டில் கொடுத்த டின்பாலையும் நிறுத்தினேன். உப்பில்லாத கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் தடவினேன். தேறிவிடும். அடுத்த வாரம் மறுபடியும் கக்கும்.

பக்கத்து அறையில் பால்மரம் வெட்டுகிற அக்கா ஒருத்தி இருந்தாள்.

“அதுக்கு வயித்து நோவு இல்ல தம்பி. மத்தியானத்துல அது பண்ற கூத்தைப் பாத்திருக்கியா? ஆளே இல்லாத மூலையில நின்னு முதுகை வளைச்சு வளைச்சுக் குடுக்குது. யாரோ தடவுற மாதிரி.”

“எலியைப் பாத்திருக்கும்க்கா.”

“எலியைப் பாத்தா வாலைத் தூக்கிக் கொஞ்சுமா? லயத்துப் பொம்பளைங்கதான் உன்னைச் சீண்டல, பூனையாவது நமக்கு இருக்குன்னு நெனச்சிக்கிட்டிருக்க. அது உன் பூனை இல்ல.”

சிரித்து வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அறைக்குள் நுழையும் முன் ஒரு தடவை செருமிவிட்டு நுழைவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், எல்லார் முன்னாலும் கங்காணி கேட்டார். “ஏன்யா, உன் பூனைக்கு வாந்திபேதியாமே?”

அந்தச் சொல்லைக் கேட்டாலே லயம் நடுங்கும். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் என்னைவிட்டு ஓரடி விலகினார்கள்.

“தொரை காதுல விழுந்துச்சு, லயத்தையே பூட்டிருவாரு. இன்னொரு வாட்டி கக்குச்சுன்னு கேட்டேன், சாக்குல கட்டி, லகாட் பக்கம் ஈயம் தோண்டுன குட்டையில போட்டுட்டு வரணும். நீயேதான் போகணும்.”

“அண்ணன் போனா பூனைக்குத் துணையா அவரும் குதிச்சிருவாரு கங்காணி” என்று பின்னால் ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

கக்கிய நாட்களுக்குச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அன்று அவற்றை எண்ணிப் பார்த்தேன். எல்லாமே வியாழக்கிழமைகள். அந்த வாரம் புதனன்று விடாமல் மழை. மழையில் எண்ணெய் நிற்காது என்பதால் தெளிப்பைச் சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள். வியாழனன்று பூனை நன்றாக இருந்தது. ஞாயிறு காலை லயத்துக்குப் பின்னால் கக்கியது. நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை. மண் போட்டு மூடக் குனிந்தேன். தூறல் விழுந்ததும் அந்த மஞ்சள் தண்ணீரில் வானவில்போல நிறங்கள் விரிந்தன. வாரம்தோறும் வாய்க்காலில் நான் பார்க்கும் அதே நிறங்கள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் தெளித்துவிட்டு வந்ததும் பூனை என் காலைச் சுற்றும். கை கழுவும் முன்பே அதைத் தடவுவேன். பிறகு அது உடம்பை நக்கிக்கொள்ளும். இத்தனை நாளும் அதற்கு விஷம் வைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு, எண்ணெய் தெளித்த அன்று உடுப்பை, தகரம் வைக்கும் தோட்டத்து ஸ்டோர் வேலியிலேயே போட்டுவிட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து ஆற்றில் குளித்து, கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நாலு வாரம் சுவரில் புதிய கோடு இல்லை. கங்காணி எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் எனக்குக் காய்ச்சல். புதனன்று வேலைக்குப் போகவில்லை. கதவை உள்ளே தாழிட்டுப் படுத்திருந்தேன். உச்சிப்பொழுது. ஆட்கள் எல்லாரும் வேலைக்காட்டில். லயத்தில் ஒரு சத்தம் இல்லை. என் காலடியில் படுத்திருந்த பூனை எழுந்து ஆணி இருந்த மூலைக்குப் போனது. வாலைத் தூக்கியது. முதுகை வளைத்தது. மறுபடி வளைத்தது. தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டது. இரண்டு தடவை செருமினேன்.

பிறகு அது திரும்பி வந்து என் பக்கத்தில் படுத்தது. முதுகில் கை வைத்தேன். ஈரம். கழுத்திலிருந்து வால்வரை, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு. மோந்து பார்த்தேன். எண்ணெய்.

என் தகரம் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. அன்று யாரும் தெளிக்கப் போகவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். நானோ ஒரு வாரமாக எண்ணெயைத் தொடவில்லை.

பயப்பட நேரமில்லை. பூனை கழுத்தைத் திருப்பி நாக்கை நீட்டிவிட்டது. விடிந்தால் வியாழன். ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தவிட்டுப் பானையை இழுத்தேன். தவிட்டை அள்ளிப் பூசித் துடைத்தேன். மறுபடி பூசித் துடைத்தேன். கையெல்லாம் கீறிவிட்டது. வாடை போகும்வரை விடவில்லை.

பிறகு அந்த மூலையைப் பார்த்துப் பேசினேன்.

“அண்ணே, தடவுங்க, வேணாம்னு சொல்லல. உங்க பூனைதான். கையை மட்டும் கழுவிட்டுத் தடவுங்க. அது நக்கிட்டா குட்டையில போடச் சொல்லிருவாங்கண்ணே.”

வியாழனன்று பூனை கக்கவில்லை. அதிலிருந்து புதன்கிழமைகளில் வேலைக்குக் கிளம்பும் முன், ஒரு சிரட்டைத் தண்ணீரில் சாம்பலும் கொஞ்சம் நாரும் போட்டு, பூனைக்கு எட்டாமல் அந்த ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் போவேன். சில வாரம் தண்ணீர் வைத்தது வைத்தபடியே இருக்கும். சில வாரம் அதன்மேல் அந்த நிறங்கள் மிதக்கும். அதை வெளியே எடுத்துப் போய் மண்ணைத் தோண்டி ஊற்றி மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பூனைக்குச் சோறு வைப்பேன்.