சாரலின் மேல் விழுந்த பழி

ஆவுடைநாயகம் பிள்ளை பதினான்கு ஆண்டுகளாகத் தாலுகா கச்சேரியின் ரிக்கார்டு அறையைக் காத்து வந்தார். பழைய நிலப் பதிவுகள் துணியில் பொதிந்து கட்டப்பட்டுக் கூரை வரை அடுக்கியிருந்தன. எந்தக் கட்டு எந்தத் தட்டில் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆனி மாதம் ஜமாபந்தி வரும். மேலதிகாரி ஊர்க் கணக்குகளைச் சரிபார்க்கும் அந்த இரண்டு வாரமும் கட்டுகள் ஓயாமல் அவிழும். ஆண்டு தவறாமல் அந்த இரண்டு வாரத்திலேயே அவருக்கு மூச்சு இரைக்கும் இளைப்பு நோயும் காணும்.

மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்குவதும் ஆனியில்தான். ஆகவே பழி முழுவதும் சாரலுக்கே சேர்ந்தது. மனைவி சொர்ணாம்பாள் மோரை நிறுத்தினாள். ஆற்றுக் குளியலை நிறுத்தினாள். மாலைதோறும் கட்டிலைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை போட்டாள். புகையில் இருமல் மிஞ்சிற்று.

"சளி இளகுது, நல்லா இருமுங்க" என்றாள் அவள். மறுத்துப் பேச அவருக்கு மூச்சு இல்லை.

1911-இல் ஜமாபந்தி ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அவ்வாண்டு ஆனிச் சாரலில் அவர் நனைந்தே கச்சேரிக்குப் போய்வந்தார், இளைப்பு இல்லை. ஆடியில் கட்டுகளை அவிழ்த்தார். அன்றே நெஞ்சு அடைத்தது. ஆறு நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழித்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று, குற்றவாளி கட்டுகளில் படிந்த தூசி என்று.

அடுத்த ஆனியில், தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி கேட்டுத் தலைமைக் குமாஸ்தா கைலாசம் பிள்ளையின் முன் நின்றார்.

"ஊருல எல்லாருக்கும் சாரல்ல இளைப்பு வருது. ஓமக்கு மட்டும் காயிதத்துல வருதோ?" என்றார் கைலாசம். "நாளைக்குப் பேனாவத் தொட்டா காய்ச்சல் வருதும்பீரு."

"காயிதம் இல்ல ஐயா, அதுல இருக்க தூசி."

"சரி, உக்காரும். ஆனா இந்த வருசமும் நடுவுல படுத்தீருன்னா, வேலைக்கு லாயக்கில்லன்னு மேல எழுதிருவேன் வே."

உள்ளே வைத்தியலிங்கம் என்ற குமாஸ்தா அமர்த்தப்பட்டார். மூன்று நாள் சாரல் தாழ்வாரத்தில் வீசியடித்தது; ஆவுடைநாயகம் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. நான்காம் நாள், மேலதிகாரி பழைய நில அளவைப் பதிவுக் கட்டு ஒன்றைக் கேட்டுக் காத்திருந்தார்.

"அண்ணாச்சி, அது எங்கன இருக்கு?" என்று உள்ளிருந்து வைத்தியலிங்கம் கத்தினார்.

"மூணாம் தட்டு, பின்வரிசை."

"பாத்துட்டேன், காங்கலையே!"

மூன்று முறை கேள்வியும் பதிலும் போய்வந்தன. கைலாசம் பல்லைக் கடித்தார். ஆவுடைநாயகம் மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கட்டு மூன்றாம் தட்டின் பின்வரிசையில்தான் இருந்தது. அதை இழுத்தபோது மேலிருந்த நான்கு கட்டுகள் அவர் முகத்தின்மேல் சரிந்தன.

வெளியே வந்து கட்டை நீட்டியவர், முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்தார். நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிப்பதுபோல் மூச்சு இரைந்தது. கைலாசம் அருகில் வந்து, அந்த ஓசையைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு நாளு சாரல்ல கெடந்தீரு, ஒண்ணும் ஆகல. உள்ள போன உடனே இந்தப் பாடு" என்றார். பிறகு சேவகனை அழைத்தார். "ஏலே, இனிமே ஒவ்வொரு கட்டையும் வெளிய கொண்டாந்து, மேல்துணிய ஈரத்துணியால தொடச்சிட்டுக் குடு. வைத்தியலிங்கம் பிரிக்கட்டும். இவரு எங்கன இருக்குன்னு மட்டும் சொன்னா போதும்."

ஆவுடைநாயகம் மூச்சு இரைய இரையத் தாழ்வாரத்தில் தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். ஜமாபந்தி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.